நெஞ்சுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: பேஸ்மேக்கர் எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கியிருப்பீர்கள். வீட்டில் கரண்ட் இருக்கும்போது அந்த யூ.பி.எஸ். என்ன செய்து கொண்டிருக்கிறது? பார்த்தால் சும்மா இருப்பது போலத் தோன்றும். ஆனால் லைனில் வரும் மின்சாரத்தை அது விடாமல் கவனித்துக் கொண்டே இருக்கிறது. கரண்ட் போனதும் "டிக்" என்று ஒரு சத்தம். பேட்டரி வேலையை எடுத்துக் கொள்கிறது. கரண்ட் திரும்பி வந்தால் மறுபடி ஒதுங்கிக் கொள்கிறது. மானிட்டரில் நாம் டைப் செய்து கொண்டிருந்த கடிதம் அப்படியே இருக்கிறது.

கிட்டத்தட்ட இதே வேலையை மனிதனின் மார்பில், தோலுக்கு அடியில் இருந்து கொண்டு செய்கிற கருவிதான் பேஸ்மேக்கர். இருபது, முப்பது கிராம் எடை. தீப்பெட்டியை விடச் சற்றே அகலமான டைட்டானியம் டப்பா. அதற்குள் ப்ராசசர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, வெளியில் இருந்து பேச ஆன்டெனாவும் இருக்கிறது. சாஃப்ட்வேர் இல்லாமல் இது ஓடாது. ஆக, இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். கீபோர்டும் மானிட்டரும் டாக்டரிடம் இருக்கின்றன, அவ்வளவே.

இதைப் பற்றி நான் விவரமாகத் தெரிந்து கொண்டது எங்கள் பெரியப்பாவால். ஒரத்தநாடு பக்கம் கிராமம். வயது 67. சம்பா நடவு நேரத்தில் வரப்பில் இரண்டு தடவை கண் இருட்டி விழுந்தார். தஞ்சாவூரில் காட்டியபோது, இதயத்துடிப்பு சில சமயம் நிமிடத்திற்கு 34 வரை இறங்குகிறது என்று சொல்லி பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. "மெஷின் வைத்த உடம்பு, மோட்டார் பக்கம் போகாதே, செல்போனைத் தொடாதே, டி.வி. முன்னால் உட்காராதே" என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்ல, நாற்பது வருடம் வயலில் நின்ற மனிதர் திண்ணையில் உட்கார்ந்து விட்டார். நான் சென்னையில் சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். "நீதான் கம்ப்யூட்டர் படித்தவன் ஆயிற்றே, இந்த மெஷின் எதற்குப் பயப்படும், எதற்குப் பயப்படாது என்று கேட்டுச் சொல்லு தம்பி" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, முதலில் இதயத்தின் வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

மேட்டூரும் கல்லணையும்

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள். மூன்று நான்கு நாளில் அது கல்லணைக்கு வருகிறது. அங்கே ஷட்டர்களைத் திறந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரித்து விடுகிறார்கள். அங்கிருந்து கிளை ஆறுகள், வாய்க்கால்கள், கடைசியில் வயல் மடை.

இதயத்தில் மேட்டூர் இருக்கும் இடம் வலது மேலறை. அங்கே சைனஸ் முடிச்சு என்று ஒரு சிறிய திசுத் தொகுப்பு இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை அது தானாகவே ஒரு மின் சிக்னலை அனுப்பும். சிக்னல் மேலறைகள் இரண்டிலும் பரவி, அவை சுருங்குகின்றன. அடுத்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஏ.வி. முடிச்சு. இதுதான் கல்லணை. சிக்னலை இது உடனே விடாது. ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிறுத்தி வைத்து அனுப்பும். மேலறையில் இருக்கும் ரத்தம் கீழறைக்கு இறங்க அந்த அவகாசம் தேவை. பிறகு சிக்னல் இடது, வலது என்று இரண்டு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளுக்குப் பாய்கிறது. கீழறைகள் சுருங்கி, ரத்தம் உடம்புக்கும் நுரையீரலுக்கும் போகிறது.

பெரியப்பாவுக்கு மேட்டூரில் குறை இல்லை. கல்லணை ஷட்டர்தான் அவ்வப்போது சிக்கிக் கொள்கிறது. மேலே இருந்து சிக்னல் ஒழுங்காக வருகிறது, கீழே இறங்கவில்லை. அப்போது கீழறை கையைக் கட்டிக் கொண்டு நிற்காது. தானாகவே 30, 40 என்று மெதுவாகத் துடிக்கும். கிணற்று ஊற்றை வைத்து நாற்றங்காலை மட்டும் காப்பாற்றுவது மாதிரி. உயிர் நிற்கும், ஆனால் மூளைக்குப் போதுமான ரத்தம் போகாது. அதனால்தான் கண் இருட்டுவது.

கேட்பதுதான் முதல் வேலை

இடது தோள்பட்டைக்குக் கீழே சின்னதாகக் கீறி டப்பாவை வைக்கிறார்கள். அதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மெல்லிய வயர்கள் ரத்தக்குழாய் வழியாக இதயத்திற்குள் போகின்றன. இந்த வயர்களின் முதல் வேலை மின்துடிப்பு கொடுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை, கேட்பது!

ஆரம்ப காலக் கருவிகளுக்கு இந்தக் காது கிடையாது. உடலுக்குள் முதல் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது 1958 அக்டோபரில், ஸ்வீடனில். வைத்தவர் டாக்டர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் ருனே எல்ம்க்விஸ்ட் என்ற என்ஜினியர். இரண்டு டிரான்சிஸ்டர்கள், ரீசார்ஜ் பேட்டரி. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்தது! அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் அதை வைத்துக் கொண்ட ஆர்னே லார்சன், அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக் கொண்டு, 2001-ல் தன் 86-வது வயதில்தான் காலமானார். இறந்ததும் இதய நோயால் அல்ல.

அந்தக் காலத்துக் கருவி கடிகாரம் மாதிரி தட்டிக் கொண்டே இருக்கும். இதயம் தானாகத் துடித்தாலும் தட்டும். இதில் ஆபத்து உண்டு. ஒரு துடிப்பு முடிந்து தசை அடுத்ததற்குத் தயாராகிக் கொண்டிருக்கும் நேரத்தில் மின்துடிப்பு விழுந்தால், சில சமயம் இதயம் தாளம் கெட்டு நடுங்கத் தொடங்கி விடும். எனவே 1960-களின் நடுவில், கேட்டுப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் தட்டும் "டிமாண்ட்" வகை வந்தது. இன்று வைப்பதெல்லாம் இந்த வகைதான்.

இதன் அடிப்படை ப்ரோகிராமை நீங்களே எழுதி விடலாம். நிமிடத்திற்கு 60 துடிப்பு குறையக் கூடாது என்று டாக்டர் செட் செய்திருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 1000 மில்லி செகண்ட். டைமர் 1000-லிருந்து இறங்கத் தொடங்குகிறது. நடுவில் சொந்தத் துடிப்பு ஒன்று காதில் விழுந்தால் டைமரைத் திரும்ப 1000-க்கு வை, எதுவும் செய்யாதே. டைமர் பூஜ்ஜியத்தைத் தொட்டு விட்டால் ஒரு மின்துடிப்பு கொடு, மறுபடி 1000-லிருந்து ஆரம்பி. அவ்வளவுதான். கொடுக்கிற மின்துடிப்பு பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வோல்ட். அரை மில்லி செகண்டிற்கும் குறைவான நேரம். ரிமோட்டில் போடுகிற இரண்டு செல்லின் வோல்டேஜ் கூட இல்லை.

இரண்டு வயர் உள்ள கருவி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு வயர் மேலறையில் உட்கார்ந்து சைனஸ் முடிச்சின் சிக்னலைக் கேட்கிறது. கேட்டதும் 150, 200 மில்லி செகண்ட் பொறுத்துப் பார்க்கிறது. அதற்குள் கீழறை தானாகச் சுருங்கினால் சரி. இல்லாவிட்டால் இரண்டாவது வயர் வழியாகக் கீழறையைத் தட்டுகிறது. கவனியுங்கள், எவ்வளவு வேகம் என்பதை இங்கே முடிவு செய்வது பெரியப்பாவின் சொந்த இதயமேதான். அவர் வேகமாக நடந்தால் சைனஸ் முடிச்சு வேகத்தைக் கூட்டும். கருவி பின்னால் வரும். மேட்டூர் திறப்பது மேட்டூர்தான். கருவி கல்லணை ஷட்டரை மட்டும் பார்த்துக் கொள்கிறது.

சைனஸ் முடிச்சே பழுதானவர்களுக்கு மேட்டூரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களுடைய கருவியில் அசைவைக் கண்டறியும் சென்சார் உண்டு. உங்கள் செல்போனைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அதே ஜாதி சென்சார். ஆள் நடக்கிறார், படி ஏறுகிறார் என்று தெரிந்தால் வேகத்தைக் கூட்டும். குண்டும் குழியுமான ரோட்டில் டிராக்டரில் போனாலும் "ஐயா நடக்கிறார்" என்று கொஞ்சம் ஏமாந்து போவதும் உண்டு!

எது துடிப்பு, எது சத்தம்?

என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரனுக்குப் பிடித்த பகுதி இதுதான். பெரியப்பாவின் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது.

இதயத்திற்குள் வயர் நுனியில் கிடைக்கும் சிக்னல் கீழறையில் சாதாரணமாக 5 முதல் 15 மில்லி வோல்ட். மேலறையில் இன்னும் குறைவு, இரண்டு மூன்று மில்லி வோல்ட்தான். டார்ச் லைட் செல் ஒன்று 1500 மில்லி வோல்ட் என்பதை நினைத்துக் கொண்டால் இது எவ்வளவு மெல்லிய கிசுகிசுப்பு என்று புரியும். இந்தக் கிசுகிசுப்பு வரும் அதே இடத்தில் மார்புத் தசையின் மின் சலசலப்பும் கேட்கும். கருவி தானே கொடுத்த மின்துடிப்பின் எதிரொலி கேட்கும். கீழறை ஓய்வுக்குத் திரும்பும்போது எழும் இன்னொரு அலையும் கேட்கும். வெளியிலிருந்து மோட்டார், டிரான்ஸ்பார்மர் என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு.

கருவி மூன்று நான்கு வழிகளில் இதைச் சமாளிக்கிறது. ஒன்று ஃபில்டர். இதயத்துடிப்பின் அலைக்கு என்று ஒரு வேகம் உண்டு; அதைவிட மந்தமானதையும் வேகமானதையும் வடிகட்டி விடும். அடுத்தது, ஒரு துடிப்பைக் கேட்டதும் கொஞ்ச நேரத்திற்கு, சுமார் 250 மில்லி செகண்ட், காதைப் பொத்திக் கொள்ளும். அந்த நேரத்தில் எது கேட்டாலும் கணக்கில் சேர்க்காது. கீபோர்டில் ஒரு தடவை அழுத்தினால் ஒரு எழுத்து மட்டும் விழ வைக்கிற தந்திரமும் இதே வகைதான். பிறகு, வயர் நுனியில் ஒன்றுக்கு இரண்டாக எலக்ட்ரோடுகள், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில். தூரத்து இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழும், எனவே ஒன்றை ஒன்றிலிருந்து கழித்தால் காணாமல் போய் விடும். பக்கத்தில் எழும் இதயத்துடிப்பு இரண்டிலும் வேறு வேறாக விழுவதால் நிற்கும். லேன் கேபிளை வெட்டிப் பார்த்தால் வயர்கள் ஜோடி ஜோடியாக முறுக்கி இருக்குமே, அதன் பின்னால் இருப்பதும் இந்தக் கழித்தல் கணக்குதான்.

இவ்வளவையும் மீறி இரைச்சல் உள்ளே வந்தால்? இங்கேதான் ஆபத்தின் திசையைப் புரிந்து கொள்ள வேண்டும். மோட்டார் பக்கம் போனால் பேஸ்மேக்கர் வெடித்து விடும், ஷாக் அடிக்கும் என்றுதான் ஊரில் பயம். அப்படி எதுவும் நடப்பதில்லை. நடக்கக் கூடியது இதற்கு நேர் எதிரானது. இரைச்சலை இதயத்துடிப்பு என்று எண்ணி, "சரி, துடிக்கிறது" என்று கருவி பேசாமல் இருந்து விடலாம். சொந்தத் துடிப்பே இல்லாமல் முழுக்கக் கருவியை நம்பி இருப்பவருக்கு அந்த மௌனம் நீண்டால் மயக்கம் வரும். இதற்கும் சாஃப்ட்வேரில் வழி வைத்திருக்கிறார்கள். நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கில் விடாமல் ஏதோ கேட்கிறது என்றால், மனித இதயம் அப்படித் துடிக்காது, இது இரைச்சல் என்று முடிவு கட்டி, கேட்பதை விட்டு விட்டுப் பழைய கடிகார முறைக்கு மாறி நிதானமாகத் தட்டத் தொடங்கும். இரைச்சல் நின்றதும் மறுபடி கேட்கும். காந்தத்தை மேலே வைத்தாலும் இப்படித்தான் மாறும். டாக்டர்களே சோதனைக்காகக் காந்தத்தை வைத்துப் பார்ப்பது உண்டு.

இரைச்சல் தூரத்தோடு மளமளவென்று குறைந்து விடும் என்பதுதான் மோட்டார் விஷயத்தில் முக்கியம். ஓடுகிற மோட்டார், இன்ஜின், டைனமோ இவற்றிற்கும் மார்புக்கும் குறைந்தது ஒரு அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது கருவி தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. எங்கள் போர்செட்டில் இருப்பது சப்மெர்சிபிள் மோட்டார். அது கிடப்பது பூமிக்குள் எத்தனையோ அடி ஆழத்தில்! மேலே இருப்பது ஸ்டார்ட்டர் பெட்டிதான். சுவிட்சைப் போட்டு விட்டு நகர்ந்து விட்டால் போதும். தரையில் உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் மோட்டார் என்றால், ஓடும்போது அதன் மேல் குனிந்து வால்வைத் திருகக் கூடாது. முதுகில் கட்டிக் கொள்ளும் பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் உடம்போடு ஒட்டி இருப்பதால், அதை டாக்டரிடம் கேட்காமல் தூக்கக் கூடாது. ஆர்க் வெல்டிங்கும் அப்படித்தான்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது, லீக்கேஜ். மோட்டார் கொட்டகையில் எர்த் சரியில்லாமல், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்புப் பெட்டியைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்குமே, அது மற்றவர்களுக்கு ஒரு உதறலோடு போகும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அந்த 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உடம்பு வழியாகவே வயருக்குப் போகிறது. கழித்தல் கணக்கெல்லாம் அதனிடம் முழுசாகப் பலிக்காது. பெரியப்பாவின் டாக்டரும் இதைத்தான் அழுத்திச் சொன்னார். எலெக்ட்ரீஷியனை அழைத்துப் புது எர்த் போட்டு, லீக்கேஜ் இருந்தால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்சும் வைத்தோம். அவருக்கு மட்டுமா, வீட்டில் எல்லோருக்குமே நல்லதுதான். தாளடி நடவுக்கு அவரே மோட்டார் போட்டார்.

செல்போனைச் சட்டையின் இடது பாக்கெட்டில் வைக்க வேண்டாம். கருவிக்கும் போனுக்கும் 15 சென்டிமீட்டர் இருக்கட்டும், வலது காதில் பேசட்டும். ஐபோன் 12-க்குப் பிறகு வந்த சில போன்களில் உள்ளே வலுவான காந்தம் இருப்பதால் இது இன்னும் முக்கியம். இண்டக்ஷன் அடுப்பு என்றால் இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். டி.வி., மிக்ஸி, ஃபேன், உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் இவற்றால் ஒன்றும் ஆகாது. நெல் மூட்டை தூக்குவதை மட்டும் ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்குத் தள்ளிப் போட வேண்டும். இடது கையை உயரத் தூக்கினால் உள்ளே பதிந்து கொண்டிருக்கும் வயர் நகர்ந்து விடலாம்.

பத்து வருட பேட்டரியும் ஒரு அப்டேட்டும்

லேப்டாப் பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கினால் மகிழ்ச்சி அடைகிறோம். இது எப்படிப் பத்து வருடம் ஓடுகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது சுமார் ஒரு ஆம்பியர்-அவர் பேட்டரி என்று வைத்துக் கொள்வோம். கருவி இழுப்பது சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர். வகுத்தால் ஒரு லட்சம் மணி நேரம், அதாவது 11 வருடத்திற்கும் மேல். ப்ராசசர் பெரும்பாலான நேரம் தூங்கிக் கொண்டே இருப்பதால்தான் இது சாத்தியம். 1972-ல் லித்தியம் அயோடின் பேட்டரி வருவதற்கு முன்னால், இரண்டு வருடத்திற்கு ஒரு தடவை மார்பைத் திறக்க வேண்டியிருந்தது. இப்போதும் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டும். வயர் நன்றாக இருந்தால் அதையே புது டப்பாவில் செருகி விடுவார்கள். தீரப் போவதைப் பல வாரங்களுக்கு முன்பே கருவி காட்டி விடும். செக்கப்பிற்குப் போனால்தான் அது தெரியும் என்பதால் தவணை தவறக் கூடாது.

செக்கப்பில் ஒரு லேப்டாப் போன்ற புரோகிராமரை வைத்து கருவியோடு பேசுகிறார்கள். பெரியப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கீழறையில் நூறு துடிப்புக்கு 41-தான் கருவி கொடுத்தது. மீதி 59 அவருடைய சொந்தத் துடிப்பு. "பரவாயில்லையே, பாதிக்கு மேல் நம்முடையதுதான்" என்று அவருக்குப் பெரிய சந்தோஷம்.

வெளியிலிருந்து பேச முடியும் என்றால் வேண்டாதவர்களும் பேச முடியுமே? 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் அபாட் நிறுவனத்தின் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களில் இந்த ஓட்டை இருப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. யாருக்கும் தீங்கு நடந்ததாகத் தகவல் இல்லை. தீர்வு நமக்குத் தெரிந்ததுதான்: ஃபர்ம்வேர் அப்டேட்! நோயாளி டாக்டரிடம் போக வேண்டும், மூன்று நிமிடம். "அப்டேட் முடியும் வரை ஆஃப் செய்யாதீர்கள்" என்று விண்டோஸ் சொல்லுமே, இங்கே ஆஃப் செய்யவே முடியாது. எனவே அந்த மூன்று நிமிடமும் நிமிடத்திற்கு 67 என்ற பேக்கப் துடிப்பில் ஓடும்படி வைத்திருந்தார்கள்.

வயலில் பாய்ச்சாமல் வாய்க்காலில்

வயரின் நுனியைப் பல காலமாக வலது கீழறையின் தசையில்தான் பதித்து வந்தார்கள். அங்கிருந்து சிக்னல் தசை வழியாகவே பரவும். மேல் வயல் நிரம்பி, வரப்பு வழிந்து, அடுத்த வயலுக்குப் போவது மாதிரி. போய்ச் சேரும், ஆனால் மெதுவாக. வலது பக்கம் முதலில் சுருங்கி இடது பக்கம் தாமதமாகச் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படியே ஓடினால் சிலருக்கு இதயம் பலவீனம் அடைகிறது. வாய்க்காலிலேயே தண்ணீரை விட்டால் என்ன? 2017-ல் சீனாவின் வென்சோ நகரில் டாக்டர் ஹுவாங் குழுவினர், வயரை நடுச்சுவருக்குள் திருகிக் கொண்டு போய் இடது கிளையின் அருகிலேயே பதிக்கும் முறையை வெளியிட்டார்கள். இயற்கையான வழியிலேயே சிக்னல் பாய்வதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்குகின்றன. இந்த முறையில் உலக அளவில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வருபவர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள்: மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி, அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் டாக்டர் புகழேந்தி விஜயராமன். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னால், வயர் எங்கே பதிக்கப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தக் கருவிக்கு இடம் உண்டு என்பதையும் அப்போதே கேட்டு விடுங்கள்.

வயரே இல்லாத, மருந்து கேப்ஸ்யூல் அளவுள்ள பேஸ்மேக்கருக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதைக் கீழறைக்குள்ளேயே கொண்டு போய் மாட்டி விடுகிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் வெளியிட்டது அதையும் தாண்டியது: நீளம் 3.5 மில்லி மீட்டர், அகலம் 1.8. அரிசி மணியை விடச் சிறியது! மார்பின் மேல் ஒட்டிய ஒரு பட்டை ஒளியைப் பாய்ச்சினால் இது தட்டும். சில நாள் தேவை முடிந்ததும் உடம்பிலேயே கரைந்து விடும். இதய ஆபரேஷன் ஆன பச்சைக் குழந்தைகளை மனதில் வைத்து உருவாக்கியது. இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வரவில்லை.

கருவியோடு ஒரு அடையாள அட்டை கொடுப்பார்கள். மாடல், சீரியல் நம்பர், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். எப்போதும் பையில் இருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்து உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி வைத்துக் கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் இதைக் காட்ட வேண்டும், எம்.ஆர்.ஐ.க்குத் தாங்கும் கருவிகளும் உண்டு, தாங்காதவையும் உண்டு.

இன்னொன்றும் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர் காலமானால், தகனத்திற்கு முன் கருவியை எடுத்து விட வேண்டும். மூடிய பேட்டரி தீயில் வெடிக்கும். சுடுகாட்டில் நிற்பவர்களுக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியில் சொன்னால் சிறிய கீறலில் எடுத்துக் கொடுத்து விடுவார்கள். அமெரிக்காவில் இப்படி எடுத்த கருவிகளைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு வாங்கி, பேட்டரி மிச்சம் இருந்தவற்றைச் சுத்தம் செய்து, மும்பை ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் 53 ஏழை நோயாளிகளுக்கு வைத்தார்கள். அந்த ஆய்வு 2011-ல் வெளியானது.